அம்புக்குறியைக் காணவில்லை

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று வேதமாணிக்கம் சார் சொல்லிவிட்டார். ஏற்றுமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற எங்கள் கிளியரிங் ஆபீசில் ஐந்து மேசை, ஐந்து கம்ப்யூட்டர். ஆளுக்கொரு பிரவுசர், ஆளுக்கொரு பழக்கம். ஒருவர் லீவு போட்டால் அவர் திறந்து வைத்த பக்கம் எது, சேமித்து வைத்த முகவரி எங்கே என்று மற்ற நாலு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம். மாதக் கடைசியில் புது கம்ப்யூட்டர்கள் வருகின்றன. அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே பிரவுசர்தானாம். எது என்பது மட்டும் முடிவாகவில்லை.

"பிலோமினா, நீங்க ஃபயர்பாக்ஸ் கட்சி. இசக்கியப்பன் குரோம் கட்சி. ரெண்டு பேரும் நாலு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்க. எதுல என்ன வசதி, என்ன ஷார்ட்கட், எல்லாத்தையும். படிச்சுப் பாத்துட்டு நான் சொல்லுதேன்" என்றார்.

சாருக்குக் கொடுக்க ஒரு கோப்பு. எனக்கென்று இந்த ஒன்று. இதில் மனதில் பட்டதையெல்லாம் எழுதிவிட்டு, நல்லதை மட்டும் எடுத்து சாரின் கோப்பில் போடலாம் என்று எண்ணம்.

முதல் குறிப்பு: கன்ட்ரோலும் எல் எழுத்தும் சேர்த்து. முகவரிப் பட்டைக்கு நேராகப் போய்விடலாம். அம்புக்குறியைத் தேடி இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. என் மவுஸ் பழசு. அம்புக்குறி அடிக்கடி காணாமல் போகிறது.

ஜூன் 5, புதன்

புது மவுஸ் கொடுத்தார்கள். இதிலும் காணாமல் போகிறது.

ஜூன் 7, வெள்ளி

இன்று ஆபீசில் ஒரே கூத்து. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இசக்கியப்பன் எழுந்து நின்று சவால் விட்டான்.

"யக்கா, பத்து கன்டெய்னர். எந்தக் கப்பல்ல இருக்கு, எங்கன நிக்குன்னு பத்தையும் கண்டுபிடிக்கணும். மவுஸத் தொடக்கூடாது. தோத்தவங்க எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கித் தரணும்."

இசக்கிக்கு வயது முப்பத்தெட்டு. எட்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. வேலையில் கெட்டிக்காரன், ஆனால் கை எப்போதும் மவுஸ் மேலேயே இருக்கும். நான் ஒத்துக்கொண்டேன். கப்பல் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, சாய்கோட்டை ஒரு தட்டுத் தட்டினால் தேடும் பெட்டி வந்துவிடும். மேற்கோள் குறியைத் தட்டினால் இணைப்புகளுக்குள் மட்டும் தேடும். கன்ட்ரோலோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைத் தட்டினால் அந்தந்த டேபுக்குப் போய்விடலாம். நான் பத்தாவதை முடித்தபோது அவன் ஆறில் நின்றான்.

"எப்ப யக்கா இதெல்லாம் படிச்சீங்க? போன வருசம் நீங்களும் எங்களப் போலதான இருந்தீங்க?"

"சும்மா ஒரு ஆசைதான்" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து போகும்போது தண்ணீர் கேன் காலில் இடித்து உருண்டது. யாரோ இடது பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். முழங்கால் கன்றிப்போயிற்று. பஃப்ஸ் நன்றாக இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

குரோம் கட்சியின் வாதங்களையும் நேர்மையாக எழுத வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்து கிடக்கிற டேப் எல்லாம் பட்டியலாக வருகிறது, அதிலேயே தேடலாம். டேபுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிறம் கொடுக்கலாம். இசக்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நிறம் வைத்திருக்கிறான். முருங்கைப் பொடி அம்மாவுக்குப் பச்சை.

"உங்க ஃபயர்பாக்ஸ் நரியில இந்த அழகு உண்டா?"

"என் நரியில முகவரிப் பட்டையில சதவீதக் குறி போட்டுட்டுத் தேடுனா போதும், தொறந்திருக்குற டேப் வந்துரும். நிறம் வேண்டியவன் பெயின்ட் கடைக்குப் போகட்டும்."

அவன் சிரித்த சிரிப்பில் சாரே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் அந்த நிறக் கூட்டம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் டேபுகள் திரையின் மேல் விளிம்பில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீளும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. எதையும் கோடியில் கொண்டுபோய் வைப்பது ஏன்?

ஜூன் 14, வெள்ளி

காலையில் மூன்றாம் ரயில்வே கேட் பக்கம் ஸ்கூட்டரில் திரும்பும்போது ஓர் ஆட்டோ வானத்திலிருந்து விழுந்ததுபோல என் இடது கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் கத்தினான். நான் அவனைவிட அதிகமாகக் கத்தினேன்.

வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். என் கணவர் கஸ்பார் துறைமுகத்து இழுவைக் கப்பலில் மோட்டார் பார்ப்பவர். எதையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற மனுஷன்.

"ஹார்ன் அடிச்சானா இல்லையா பிலோ?"

"அடிச்சான்."

"பெறகு?"

"காத்து. கண்ணுல மண்ணு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருடைய ஒரு வழி. எனக்கு அதுதான் பிடிக்காது.

ஜூன் 18, செவ்வாய்

குறிப்பு: பிரவுசரைத் திரை முழுக்கப் பரப்ப வேண்டியதில்லை. சிறியதாக்கி நடுவில் வைத்தால் கவனம் சிதறாது. நான் இரண்டு மாதமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சாருக்கான கோப்பில் இசக்கி இதைப் படித்துவிட்டு, "எதுக்கு யக்கா இவ்வளவு பெரிய மானிட்டர வாங்கி ஸ்டாம்பு ஒட்டுன மாதிரி வச்சிருக்கீங்க?" என்றான். கவனம் என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. கடிக்கிறாற்போல் அவனிடம் பேசிவிட்டேன். சாயங்காலம் வரை உட்கார முடியாமல் நாலு தடவை எழுந்து எழுந்து டீ குடித்தேன்.

ஜூன் 20, வியாழன்

எஃப்7 தட்டினால் பக்கத்துக்குள்ளேயே எழுத்துக்கு எழுத்து நகரும் கோடு ஒன்று வரும். அம்புக்குறியே தேவையில்லை.

ஜூன் 25, செவ்வாய்

புது கம்ப்யூட்டருக்கு மாற்றுவதற்காக என்னுடையதை முதலில் கழற்றிவிட்டார்கள். இசக்கி கஸ்டம்ஸ் ஆபீசுக்குப் போயிருந்ததால் அவன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். திரை முழுக்கப் பரந்த குரோம். அவன் அமைத்து வைத்ததை மாற்றக்கூடாது என்று அப்படியே விட்டேன். முருங்கைப் பொடி அம்மாவின் கன்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி பக்கத்தைத் திறந்து, எத்தனை மணிக்குள் துறைமுக வாசலுக்குள் போக வேண்டும் என்று பார்த்தேன். நாளை மாலை ஆறு மணி. லாரிக்காரருக்கு மதியம் கிளம்பச் சொல்லிவிட்டேன்.

அடுத்தவர் மேசை அடுத்தவர் செருப்பு மாதிரிதான்.

ஜூன் 26, புதன்

கன்டெய்னரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கப்பல் ஒரு நாள் முன்கூட்டி வந்திருக்கிறது. அதனால் கடைசி நேரத்தை இன்று காலை பத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கள் லாரி போய்ச் சேர்ந்தது இரண்டரைக்கு. அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து. முருங்கைப் பொடி அம்மாவின் பெயர் சண்முகவடிவு. விளாத்திகுளம் பக்கத்தில் இருபது பெண்களை வைத்துக் காயவைத்து அரைத்து, ஒன்றரை வருடம் அலைந்து பிடித்த முதல் வெளிநாட்டு ஆர்டர் இது. போனில் அழவில்லை. "அப்பம் என்ன செய்யணும்? அப்பம் என்ன செய்யணும்?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

சார் கப்பல் கம்பெனிக்கு போன் போட்டார். நேற்றுக் காலையிலிருந்தே அந்தப் பக்கத்தில் அறிவிப்பு இருந்தது என்றார்கள். இடது ஓரத்தில், சிவப்புப் பட்டையில். அந்த நேரம் தாண்டிவிட்டதால் இப்போது எடுத்துவிட்டார்கள்.

"பிலோமினா, நீங்க பாத்தப்ப இருந்துச்சா?"

"இல்ல சார்."

சார் இசக்கியின் கம்ப்யூட்டர் முன் போய் நின்றார். மூலையில் ஏதோ சின்னச் சின்னப் படங்களாக இருந்தன.

"இதெல்லாம் என்ன?"

"எக்ஸ்டென்ஷன் சார். விளம்பரத்த மறைக்கும்" என்றான் இசக்கி. சொல்லும்போதே அவன் முகம் மாறிவிட்டது.

"விளம்பரத்த மறைக்குமா? சிவப்புப் பட்டைய மறைக்காதா?"

"அது... மறைச்சிருக்குமோ என்னமோ சார். தெரியல."

சார் கத்த ஆரம்பித்தார். எல்லோர் முன்னாலும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் கண்டதையும் ஏற்றி வைக்க யார் சொன்னது, ஒரு பொம்பளையின் பிழைப்பு போயிற்று, இனி நீ கம்ப்யூட்டரையே தொடாதே. நாளையிலிருந்து இசக்கி வெளிவேலை. துறைமுக வாசல், கன்டெய்னர் அடுக்கும் யார்டு, லாரி. குரோம் கட்சி அதோடு முடிந்தது. எல்லோருக்கும் ஃபயர்பாக்ஸ்.

நான் ஜெயித்திருக்கிறேன்.

என்னிடம் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே.

ஜூன் 28, வெள்ளி

காலையில் யார்டிலிருந்து இசக்கி போன் செய்தான். பின்னால் லாரி இரைச்சல், காற்று.

"யக்கா, என் கம்ப்யூட்டர்ல கப்பல் பக்கம் தொறந்தே கெடக்கும். நீலக் கூட்டத்துல மூணாவது. அடுத்த கப்பலுக்கு நேரம் என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவன் மேசையில் உட்கார்ந்தேன். அவனுடைய கம்ப்யூட்டரை இன்னும் கழற்றவில்லை. மூலையில் அதே சின்னப் படங்கள். யாரும் எதையும் எடுக்கவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தேன். நடுவில் நேரம் இருந்தது. சொல்லப்போனேன். என்ன தோன்றியதோ, தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன்.

சிவப்புப் பட்டை. இசக்கி கேட்ட இந்தக் கப்பலுக்கு. என் கை அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை. வெள்ளை எழுத்தில் நேர மாற்றம் என்று போட்டிருந்தது.

நேராகப் பார்த்தேன். இல்லை. திரும்பினேன். இருந்தது.

"யக்கா? லைன்ல இருக்கீங்களா?"

நேரத்தைச் சொன்னேன். மாற்றத்தையும் சேர்த்து. பிறகு அந்த டேபை மூடினேன். கன்ட்ரோல், டபிள்யூ.

மதியம் அவன் கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 1, திங்கள்

இரவில் சரியாகத் தூக்கமில்லை. புது கம்ப்யூட்டர் வேகமாக இருக்கிறது. சாருக்கான குறிப்பை முடித்துக் கொடுத்தேன். பதினான்கு பக்கம். "பிரமாதம்" என்றார். மூடிய டேபைத் திரும்பத் திறக்கக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி என்பதை எழுத மறந்திருந்தேன். திரும்ப வாங்கி எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

அரை நாள் லீவு. வீட்டு ஜன்னலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு, தலையை ஆட்டாமல் உட்கார்ந்து கம்பிகளை எண்ணினேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் எட்டு. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் நாலு. கிட்டே போய்க் கையால் தடவி எண்ணினேன். பன்னிரண்டு.

வெயில் வேளையில் இதெல்லாம் சரியாகத் தெரியாது.

ஜூலை 5, வெள்ளி

சண்முகவடிவு அம்மாவின் கன்டெய்னர் இன்று கப்பலேறியது. வாங்குகிறவர்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டார்களா என்று இன்னும் தெரியவில்லை.

சாப்பிடும்போது கஸ்பார் தண்ணீர் டம்ளரை எனக்கு வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். யோசித்துப் பார்த்தால் அவர் பல மாதமாகவே இதைச் செய்கிறார். குழம்புச் சட்டி, உப்பு, எல்லாமே எனக்கு வலப்பக்கம்.

"எதுக்கு நகத்துதீங்க?"

"அந்தப் பக்கம் வச்சா நீ தட்டி விடுத."

"எப்பயிருந்து?"

"கிறிஸ்மஸுக்கு முந்தியிலேருந்து." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உங்க அப்பாவும் இப்பிடித்தான பிலோ—"

"அப்பாவுக்குச் சீனி வியாதி. எனக்கு அது கெடையாது" என்று கத்தினேன். தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். நல்ல காற்று. துணிகள் கயிற்றில் அறைந்துகொண்டிருந்தன.

அவர் மேலே வந்தார். "செவ்வாக்கெழம லீவு சொல்லிட்டேன். திருநெல்வேலி போறோம்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பஸ்ஸில் முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மகளுக்குக் கல்லூரியில் என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும், மாதா கோயில் திருவிழாவுக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும். அவர் "ம்" போட்டார்.

கண் ஆஸ்பத்திரியில் காற்று அடித்துக் கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு ஓர் இருட்டறை. பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும்.

வலது கண்ணுக்கு வந்தது, அழுத்தினேன். கொஞ்சம் நின்று வந்தது, அழுத்தினேன். இடது கண்ணுக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று முறை வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. காத்திருந்தேன். மெஷின் மட்டும் உள்ளே டிக் டிக்கென்று நகர்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா, மெஷின் நின்னுபோச்சு போல. வெளக்கே வரல" என்றேன்.

அந்த நர்சுப் பெண் குனிந்து என் விரல் பட்டனில் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"வந்துக்கிட்டுதாம்மா இருக்கு. நீங்க நடுப்புள்ளியவே பாருங்க."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. பட்டன் மேல் விரலை வைத்தபடி இருந்தேன். அழுத்தவில்லை.

டாக்டரம்மா இரண்டு காகிதங்களைக் காட்டினார். வலது கண் படத்தில் மூக்குப் பக்கம் ஒரு கறுப்பு. இடது கண் படத்தில் நடுவில் மட்டும் ஒரு வெள்ளை. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிடுகிற நோய். க்ளாக்கோமா. வலி இருக்காது, நேரே படிக்கிற எழுத்து கடைசிவரை தெளிவாகத் தெரியும், அதனால் யாருக்கும் தெரியாமல் வரும் என்றார். போனது போனதுதான், திரும்பாது. இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. ஸ்கூட்டர் கூடாது.

"குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்குப் பார்வை போயிடுச்சு. சீனி வியாதியினாலன்னு சொன்னாங்க."

"டெஸ்ட் பண்ணாங்களா?"

நான் கஸ்பாரைப் பார்த்தேன். அப்பா கடைசிவரை டீக்கு மூன்று ஸ்பூன் சீனி போட்டுக் குடித்தார். ஒருநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஆபீசில் எல்லாவற்றையும் சரிபார்க்கிற எனக்கு, அவருக்குச் சீனி வியாதியே இருந்திருக்காது என்பது இத்தனை வருடமும் தோன்றவே இல்லை.

ஜூலை 10, புதன்

காலை எட்டுக்கு ஒரு சொட்டு, இரவு எட்டுக்கு ஒரு சொட்டு. ஸ்கூட்டர் சாவியைக் கஸ்பார் எங்கோ வைத்துவிட்டார். பஸ்ஸில் போனேன். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி

"சொல்லிரு பிலோ" என்கிறார் கஸ்பார், நாளுக்கு இரண்டு தடவை.

எளிதாகச் சொல்கிறார். கண் தெரியாதவளுக்குக் கஸ்டம்ஸ் வேலை யார் தருவார்கள்? பத்தொன்பது வருடம். ஒரு எண் மாறினால் கன்டெய்னர் நிற்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். மருந்து விடுகிறேன். எல்லாப் பக்கத்திலும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இனி ஒன்றும் விடுபடாது. இசக்கி வெளிவேலையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். நாலு பேரைப் பார்க்கலாம், ஒரே இடத்தில் அடைந்து கிடக்க வேண்டாம்.

இதை எழுதிவிட்டுப் படித்தேன். அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

மதியம் இசக்கி பேப்பர் வாங்க உள்ளே வந்தான். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. சட்டையெல்லாம் யார்டுப் புழுதி. என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எப்பிடி இருக்க தம்பி?"

"இருக்கேன் யக்கா. கொச்சியில ஒரு கம்பெனியில ஆள் கேக்காவ. போயிரலாமான்னு பாக்கேன்."

"இங்க என்ன?"

"இங்க இனி என்னய நம்பி யாரு ஒரு பேப்பரத் தருவா? நானே என்னய நம்பலயே." அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். "வீட்டு கம்ப்யூட்டர்லயும் அந்த எக்ஸ்டென்ஷன எடுத்துட்டேன். இப்ப என்ன பாத்தாலும் ரெண்டு தடவ, மூணு தடவ பாக்கேன். பாத்ததுக்குப் பெறவும் சந்தேகமாவே இருக்கு, வேற எதாவது மறஞ்சு கெடக்கோன்னு. அந்த அம்மா குரல் காதுலயே நிக்கு யக்கா." போகும்போது திரும்பினான். "நீங்க அன்னைக்கு என் மேல ஒரு வார்த்த சொல்லல. அத நான் மறக்க மாட்டேன்."

போய்விட்டான். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். கீபோர்டில் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் சார் வந்ததும் அவர் அறைக்குள் போனேன். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இரண்டையும் மேசைமேல் வைத்தேன். மனதுக்குள் பஸ்ஸில் கோத்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"சார், அன்னைக்கு அந்தச் சிவப்புப் பட்டை இருந்துச்சு. இசக்கி வச்சிருந்தது எதையும் மறைக்கல. நான்தான் பாக்கல. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது."

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டார். சொன்னேன். முதலில் அவர் முகத்தில் இரக்கம்தான் வந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனது எப்போ?"

"ஒம்பதாம் தேதி."

"அப்ப ஒம்பதாம் தேதிதான் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. சார் கேட்டதற்கு ஆம் என்று மட்டும் சொன்னால் போதும்.

"இல்ல சார். இருபத்தெட்டாம் தேதியே தெரியும். அவன் கம்ப்யூட்டர்லயே, அந்த எக்ஸ்டென்ஷன் இருக்கும்போதே, வேற கப்பலுக்குப் பட்டை வந்துச்சு. தலையத் திருப்புனா தெரிஞ்சுது. பாத்துட்டு மூடிட்டேன்."

இரக்கம் போய்விட்டது.

"கண்ணு உங்க குத்தம் இல்ல பிலோமினா. வாய்?"

நான் காகிதங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"அந்தப் பய மூணு வாரமா வெயில்ல நிக்கான். நான் எல்லாருக்கும் முன்னால அவனப் பேசுனேன். என்னயல்லாவா நீங்க பொய்யனாக்கிட்டீங்க."

இசக்கியை போன் போட்டு உடனே வரச் சொன்னார். எல்லோரையும் வெளியே கூப்பிட்டு, அன்று எவ்வளவு சத்தமாகப் பேசினாரோ அதே சத்தத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று, சாரிடம் சொன்னதையே மறுபடி சொன்னேன். இசக்கியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, தன் மேசையில் போய் உட்கார்ந்தான்.

நான் தனியாக எந்தப் பேப்பரும் அனுப்பக்கூடாது. நான் பார்ப்பதை இன்னொருவர் பார்த்த பிறகுதான் போகும். வேலையை விட்டு அனுப்பவில்லை.

சண்முகவடிவு அம்மாவுக்கு நானே பேச வேண்டும் என்றார் சார். பேசினேன். வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொண்டார்களாம், அடுத்த ஆர்டரும் கொடுத்திருக்கிறார்களாம். நான் முழுக்கச் சொல்லி முடிக்கிற வரை அந்த அம்மா குறுக்கிடவில்லை.

"அந்தத் தம்பியை நான் போன்லயே என்னல்லாம் சொல்லிட்டேன் தெரியுமா?" என்றார். "ஒரு வார்த்த எதுத்துப் பேசல அவரு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருட்டப் பேச?"

ஜூலை 19, வெள்ளி

இசக்கி என்னிடம் பேசவில்லை. நான் தயாரித்ததைப் பார்க்கிறான், பிழை இருந்தால் வட்டம் போட்டுத் தருகிறான். இல்லையென்றால் ஒரு டிக். யக்கா என்ற வார்த்தை இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

டிக். டிக். வட்டம். டிக்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். கூட்டத்தில் இடப்பக்கத்தில் நிற்பவர்கள் எனக்கு இல்லாதவர்கள். திடீரென்று ஒரு தோள், ஒரு குழந்தையின் கை. கஸ்பார் அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார். கொடி ஏறும்போது நேரே பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. மகள் போனில், "வருசத்துக்கு ஒரு தடவ நீயும் கண்ணக் காட்டு" என்று நான் சொன்னதற்கு, "ஆமா, நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றாள். நியாயம்தான்.

ஜூலை 30, செவ்வாய்

ஒரே பிரவுசர் திட்டத்தைச் சார் கைவிட்டார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இரண்டும் இருக்குமாம். "கட்சிய விடுங்க. அடுத்தவனுக்குப் புரியுற மாதிரி எழுதி வைங்க, அது போதும்" என்றார். இசக்கியின் குறிப்புகளையும் என்னுடையதையும் சேர்த்து ஒரே கோப்பாக்கும் வேலை எனக்கு. அவனுடையதை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். பதினாறாம் பக்கத்தில், மவுஸ் இல்லாமல் வேலை பார்ப்பது எப்படி என்று ஒரு தலைப்பு. கீழே எழுதியிருந்தான்: இதை பிலோமினா அக்காவிடம் கேட்கவும், எங்களில் யாருக்கும் அவ்வளவு தெரியாது.

தேதி ஜூன் 12. அதற்குப் பிறகு அவன் அதை அழிக்கவில்லை. மறந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சண்முகவடிவு அம்மாவின் இரண்டாவது கன்டெய்னர். கோப்பின் மேல் சார் பெரிதாக எழுதியிருந்தார்: இரண்டு பேரும் சேர்ந்து.

என் மேசையில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வழக்கமாக நான் முடித்த பிறகு அவன் தன் மேசையிலிருந்து பார்ப்பான். இன்று நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. வலப்பக்கம் நிறைய இடம் இருந்தது. அங்கே வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் எனக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டான்.

"இந்தப் பக்கந்தான உங்களுக்குத் தெரியாது?"

"ஆமா."

"ஸ்டாம்பு ஜன்னல் வேண்டாம். பெருசாக்குங்க. எடது பாதிய நான் பாக்கேன்."

பெரிதாக்கினேன். கப்பலின் பெயரைப் படித்தேன், எண்ணைப் படித்தேன், நேரத்தைப் படித்தேன். அவன் மெதுவாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இசக்கி" என்றேன். "நான் அன்னைக்கு—"

"யக்கா, எனக்கு இன்னும் கோவந்தான். அது போறப்ப போவட்டும். இப்பம் இதப் பாப்போம்."

"சரி."

மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தான். தலையைத் திருப்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். திருப்பவில்லை.

"என் பக்கம் ஒண்ணும் இல்ல" என்றான். "அனுப்புங்க."

அனுப்பினேன்.